இடையில் ஒன்றும் நடக்காது

நான் எழுதிய முதல் சிமுலேஷனில், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் நிரலில், கடிகாரம் ஒவ்வொரு விநாடியாக நகர்ந்தது. ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு, ஒரே டாக்டர், காலை 9 மணி முதல் 1 மணி வரை. விநாடிக்கு ஒருமுறை நிரல் எழுந்து பார்க்கும்: யாராவது வந்தார்களா, டாக்டர் காலியாக இருக்கிறாரா, உள்ளே இருப்பவர் கிளம்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டதா. பார்த்துவிட்டு அடுத்த விநாடிக்குப் போகும். நான்கு மணி நேரத்துக்கு 14,400 சுற்று. எனக்கு அது மிக நேர்மையான முறையாகத் தோன்றியது. நிஜத்திலும் நேரம் அப்படித்தானே போகிறது?

என் ஆய்வு வழிகாட்டி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"எத்தனை நோயாளிகள்?"

"36 பேர் சார்."

"ஒருவரால் உன் மாதிரியில் எத்தனை முறை ஏதாவது மாறுகிறது?"

வருகிறார், உள்ளே போகிறார், வெளியே வருகிறார். மூன்று முறை. ஆக மொத்தம் 108.

"மீதி 14,292 விநாடியில்?"

"ஒன்றும் நடக்கவில்லை சார்."

"அப்புறம் அங்கே ஏன் போகிறாய்?"

அன்று இரவே முழு நிரலையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். புதிய நிரலில் சுற்று இல்லை, ஒரு பட்டியல் இருந்தது. இனி நடக்கப்போகும் நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். நேரத்தில் எது முந்தியதோ அதை எடு. கடிகாரத்தை நேராக அந்த நேரத்துக்குத் திருப்பு. என்ன மாறவேண்டுமோ மாற்று. அதனால் பிற்பாடு வேறு ஏதாவது நடக்கும் என்றால் அதையும் பட்டியலில் சேர். மறுபடி முந்தியதை எடு. 9:04:17-இல் இருக்கும் கடிகாரம் ஒரே தாவலில் 9:09:52-க்குப் போய்விடும். நடுவில் இருந்த ஐந்தரை நிமிடம் கணினியைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

தனித்த நிகழ்வுச் சிமுலேஷன் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். (தமிழில் உருவகப்படுத்துதல் என்றும் பாவனையாக்கம் என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பாவனை என்ற சொல் பிடிக்கும். குழந்தைகள் டாக்டர் விளையாட்டு விளையாடுவதும் பாவனைதான். ஆனால் ஆய்வகத்தில் யாரும் சிமுலேஷன் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.) பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாவலின் அடியிலும் ஒரு துணிச்சலான வாக்குமூலம் இருக்கிறது: இந்த நிகழ்வுக்கும் அடுத்த நிகழ்வுக்கும் நடுவில், பொருட்படுத்த வேண்டிய எதுவும் நடக்காது. அதைச் சொல்வது கணினி இல்லை, நான். இந்தத் துறையில் நான் செய்த தவறுகளில் உருப்படியானவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்தன.

இந்த முறை பிறந்த இடங்களில் ஒன்று எஃகுத் தொழிற்சாலை. 1950களின் இறுதியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், யுனைடெட் ஸ்டீல் நிறுவனத்தில் இருந்த கே. டி. டாச்சர் தொழிற்சாலைகளை அப்படியே கணினிக்குள் ஓட்டிப் பார்க்க ஒரு பொது நிரல் எழுதினார். உலை எப்போது காலியாகும், அடுத்த சுமை அதற்குள் வந்து சேருமா என்ற மாதிரிக் கேள்விகள். 1961-இல் ஐபிஎம்மில் ஜெஃப்ரி கோர்டன் ஜிபிஎஸ்எஸ் என்ற மொழியைக் கொண்டுவந்தார். ராண்ட் நிறுவனத்தில் சிம்ஸ்கிரிப்ட் என்ற மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். பிறகு 1990-இல் முதலீட்டுக் கோட்பாட்டுக்காகப் பொருளியல் நோபல் வாங்கிய அதே மார்க்கோவிட்ஸ்தான். ஆஸ்லோவில் ஓலே-யோஹான் தாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா என்ற மொழியை எழுதினார்கள். வரிசையில் நிற்கும் ஆளுக்கு ஒரு தனி நினைவும் தனி நடத்தையும் வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு 1967 பதிப்பில் 'கிளாஸ்' (ஒரு வகை ஆளுக்கான அச்சு), 'ஆப்ஜெக்ட்' (அந்த அச்சில் வார்த்த ஒவ்வொரு ஆள்) என்று உருவெடுத்தது. சில வருடம் கழித்து ப்யார்னே ஸ்ட்ரோஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் தன் முனைவர் ஆய்வுக்குச் சிமுலாவில் சிமுலேஷன் எழுதினார். மொழி பிடித்தது, வேகம் போதவில்லை. சி மொழியோடு அந்தக் கிளாஸ்களைச் சேர்க்க 1979-இல் உட்கார்ந்தார். அது சி++ ஆயிற்று. இன்றைக்கு ஆப்ஜெக்ட் என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களிடம் 'இது வரிசையில் நின்றவர்களுக்காகப் பிறந்தது' என்று சொன்னால் நம்புவதில்லை.

சரி, மருத்துவமனைக்கு வருவோம். ஏன் சிமுலேஷன்? கணக்குப் போட்டால் போதாதா? டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சராசரியாக 6 நிமிடம். மணிக்கு 10 பேரைப் பார்க்கலாம். வருவது மணிக்கு 9 பேர். மணிக்கு 6 நிமிடம் டாக்டர் சும்மா இருக்கிறார். அப்படியென்றால் யாரும் அதிகம் காத்திருக்கத் தேவையில்லையே?

இந்தக் கேள்விக்கு விடை 1909-இலிருந்தே கிடைக்கத் தொடங்கிவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் அந்த ஆண்டு தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கோட்பாடு தொடங்குகிறது. அதில் பாடநூலின் முதல் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகிறார்கள். பார்க்கும் நேரமும் அதே மாதிரி முன்பின்னாக இருக்கிறது. மணிக்கு 8 பேர் வந்தால் ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 24 நிமிடம். 9 பேர் வந்தால் 54 நிமிடம். ஒன்பதரை என்று ஆனால் 114 நிமிடம். மணிக்கு அரை ஆள் கூடுதலாக வந்ததற்கு ஒரு மணி நேரம் அபராதம். டாக்டர் சும்மா இருந்த அந்த ஆறு நிமிடத்தைச் சேமித்துவைத்து, கூட்டம் வரும்போது எடுத்துச் செலவழிக்க முடியாது என்பதுதான் காரணம். ஏற்ற இறக்கம்தான் வரிசையை நீட்டுகிறது. சராசரிகள் அதைச் சொல்வதே இல்லை. டாக்டர் எல்லோரையும் கடிகாரம் வைத்தாற்போல் சரியாக 6 நிமிடம் பார்த்தால், அதே 9 பேருக்கு 54 நிமிடம் பாதியாகி 27 ஆகிவிடும். வேலை ஒரு துளிகூடக் குறையவில்லை.

ஆனால் இந்த 54 என்பது வரிசை முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் வரும் சராசரி. என் மருத்துவமனை ஒரு மணிக்கு மூடிவிடும். கதவு திறக்கும்போதே வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள். பதினொன்றுக்கு மேல் வருகை குறைகிறது. அவசர நோயாளி வந்தால் முன்னே போகிறார். இதில் ஒவ்வொன்றும் சூத்திரத்தின் ஒரு காலை உடைக்கிறது. சிமுலேஷனின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அப்படியும் சூத்திரத்தை விட்டுவிடக் கூடாது. புதிய நிரல் எழுதினால் முதலில் அதைச் சூத்திரத்தின் உலகத்துக்குள் ஓட்டி 54 வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் மேலே போவதில்லை. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியும் கூடவே இருக்கும்: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வரும். இது எந்த வகை வரிசைக்கும் பொருந்தும் என்பதால், என் நிரலில் யாராவது 'காணாமல்' போயிருந்தால் இதுதான் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை ஒரு நோயாளி ஓட்டத்துக்கு ஓட்டம் பட்டியலிலிருந்து நழுவி, நிரந்தரமாக டாக்டர் அறைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பாவம்.

முதல் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். அழகுக்காக, அவ்வளவுதான். முடிவுகள் மாறிவிட்டன. இரண்டு நாள் தேடிய பிறகு தெரிந்தது: முன்பதிவு நோயாளிகள் சரியாகக் கால் மணிக்கு ஒருமுறை வருவதாக வைத்திருந்தேன். 10:15-க்கு ஒருவர் டாக்டர் அறையை விட்டு வெளியே வருகிறார். அதே 10:15-க்கு ஓர் அவசர நோயாளி உள்ளே வருகிறார். எது முதலில்? வெளியேறுவதை முதலில் எடுத்தால் டாக்டர் வரிசையில் நிற்கும் சாதாரண நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார். அவசர நோயாளி ஆறு நிமிடம் நிற்கவேண்டும். வருகையை முதலில் எடுத்தால் அவர்தான் உள்ளே போவார். இதை நான் முடிவு செய்யவே இல்லை. பட்டியலில் எது முதலில் சேர்ந்ததோ அது முடிவு செய்துகொண்டிருந்தது.

டாச்சர் இதற்கு அந்தக் காலத்திலேயே வழி வைத்திருந்தார். நேரத்தை நகர்த்து, அந்த நேரத்துக்கு என்று குறித்திருப்பதை எல்லாம் முதலில் முடித்துவிடு, அதன்பிறகுதான் 'இப்போது என்ன தொடங்க முடியும்?' என்று சுற்றிப் பார். மூன்று கட்டம். நான் இதைப் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். வெளியேறுபவருக்கும் உள்ளே போகிறவருக்கும் நடுவில் ஒரு மூச்சு விட இடம் வேண்டும் என்று அது சொல்கிறது என்பது மட்டும் அந்த இரண்டு நாளில்தான் புரிந்தது.

இதற்கு ஒரு தம்பிப் பிழையும் உண்டு. 0.1-ஐப் பத்து முறை கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான மொழிகளில் கணினி 0.9999999999999999 என்று சொல்லும். 0.1 என்ற எண்ணை இரும எண் முறையில் முழுசாக எழுத முடியாது என்பதால் வருவது. ஒரே கணத்தில் நடக்கவேண்டிய இரண்டு நிகழ்வுகள் இதனால் மயிரிழை விலகி, ஒன்று முந்திக்கொள்ளும். என் நிரலில் இது ஒரு நோயாளியைத் தள்ளி நிறுத்தியதோடு போயிற்று. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அப்படிப் போகவில்லை. பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பின் கணினி பத்தில் ஒரு விநாடியாக நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. 0.1-இன் வால் 24 பிட்டில் வெட்டுப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் கடிகாரம் சுமார் 0.34 விநாடி விலகிவிட்டது. வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணை அந்த இடைவெளியில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். கணினி தவறான இடத்தில் தேடியது. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நான் நேரத்தைப் பின்னமாக வைப்பதில்லை. முழு எண்ணில் விநாடி, தேவைப்பட்டால் மில்லி விநாடி.

இரண்டாவது அடி விதை எண்ணில். கணினி தரும் சமவாய்ப்பு எண்கள் உண்மையில் கணக்குப் போட்டு வருபவை. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு நீண்ட வரிசை முளைக்கும். அதே விதைக்கு எப்போதும் அதே வரிசை. ஆகவே ஒரு சிமுலேஷனை வெவ்வேறு விதைகளோடு பலமுறை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கவேண்டும். நான் 200 முறை ஓட்டினேன். பதிவு மேசையில் இன்னொரு ஆளைப் போட்டால் காத்திருப்பு 2 நிமிடம் குறைகிறது. பிழை வரம்பு முன்பின் 1.1 நிமிடம். மருத்துவமனைக்காரர்களிடம் வரைபடத்தோடு காட்டினேன். தலையாட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ அந்த 200 விடைகளையும் ஏறுவரிசையில் அடுக்கினேன். முதல் எட்டும் கடைசித் தசமம் வரை ஒரே எண். அடுத்த எட்டும் அப்படியே. வயிறு கலங்கிவிட்டது. கணினியில் எட்டுக் கோர், அதாவது ஒரே சமயத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு மூளைகள். எட்டு ஓட்டங்களை ஒன்றாகக் கிளப்பியிருந்தேன். விதையைக் கடிகாரத்தின் விநாடியிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தேன். எட்டும் ஒரே விநாடியில் பிறந்த எட்டுப் பிள்ளைகள். நான் ஓட்டியது 200 இல்லை, 25. பிழை வரம்பு எட்டின் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட 2.8 மடங்கு, பெரிதாக இருந்திருக்கவேண்டும்: முன்பின் 3.1 நிமிடம். இரண்டு நிமிட லாபம் அதில் மூழ்கிவிட்டது. போய்ச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே விதையை வேண்டுமென்றே பயன்படுத்துவது இந்தத் துறையில் ஒரு நல்ல உத்தி. இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே நோயாளிகளை, அதே நேரத்தில் அனுப்பினால், வித்தியாசம் ஏற்பாட்டால் வந்ததா அதிர்ஷ்டத்தால் வந்ததா என்ற குழப்பம் வெகுவாகக் குறையும். அதே கத்திதான், நான் பிடித்தது அலகுப் பக்கம். என்னைத் தேற்றிக்கொள்ள ராண்டுவை (RANDU, ராண்ட் நிறுவனம் இல்லை) நினைத்துக்கொள்வேன். 1960களில் ஐபிஎம் கணினிகளோடு வந்த, பல வருடம் எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய சமவாய்ப்பு எண் நிரல் அது. அது தரும் எண்களை மூன்று மூன்றாக எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் வெற்றிடம். எத்தனை ஆய்வுகள் அந்த எண்களின்மேல் நின்றனவோ.

ஒரு சிமுலேஷனைப் பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும்போது, ஆரம்பத்தில் சொன்ன வாக்குமூலம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கடிகாரம். நான் 10:20-க்குத் தாவலாமா? பக்கத்துக் கணினியிலிருந்து 10:18-க்கு ஒரு நோயாளி வந்துவிட்டால்? 1970களின் பிற்பகுதியில் பிரையன்ட்டும், தனியே மணி சாண்டி, ஜெயதேவ் மிஸ்ரா ஆகிய இருவரும் கண்டுபிடித்த வழியில், கணினிகள் ஒன்றுக்கொன்று வெற்றுச் செய்தி அனுப்பிக்கொள்ளும். அந்தச் செய்தியில் நோயாளி இல்லை, தகவல் இல்லை. '10:25 வரை என்னிடமிருந்து எதுவும் வராது' என்ற உறுதி மட்டும் இருக்கும். டேவிட் ஜெஃபர்சன் 1985-இல் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார்: யாரிடமும் உறுதி கேட்காதே, தாவிவிடு. பிறகு பழைய நேரத்துச் செய்தி வந்து சேர்ந்தால் பின்னோக்கிப் போ, செய்ததைத் திருப்பு, அனுப்பிய செய்திகளைத் துரத்திப் பிடித்து அழிக்க எதிர்ச்செய்திகளை அனுப்பு. டைம் வார்ப் என்று அதற்குப் பெயர். மனிதர்களையும் இந்த இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

இடையில் இருப்பதை வீசுவது பாவம் என்ற மாதிரி எழுதிக்கொண்டு போகிறேனோ? அப்படி இல்லை. எனக்குப் பிடித்த மாதிரி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வீசிவிட்ட ஒன்று. 1992-இல் காய் நாகலும் மைக்கேல் ஷ்ரெக்கன்பெர்க்கும் எழுதியது. சாலை என்பது 7.5 மீட்டர் கட்டங்களின் வரிசை. கட்டத்துக்கு ஒரு கார், இல்லையென்றால் காலி. நேரம் சுமார் ஒரு விநாடிப் படி. (ஆம், நான் அழித்த அதே படி. இங்கே ஒவ்வொரு விநாடியும் ஏதாவது நடப்பதால் அதுவே சரி.) விதிகள் மூன்று: வேகத்தை ஒன்று கூட்டு, 5 கட்டம் வரை. முன்னால் இடம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவுக்குக் குறை. அப்புறம், எந்தக் காரணமும் இல்லாமல், சில சமயம் ஒன்று குறைத்துக்கொள். பிறகு நகர். இன்ஜின் இல்லை, ஓட்டுநரின் மனநிலை இல்லை, வளைவு இல்லை. ஓட்டிப் பார்த்தால் விபத்தோ தடையோ இல்லாமல் நெரிசல் முளைத்து, கார்கள் முன்னே போக, தான் மட்டும் பின்னோக்கி ஊர்ந்துபோகிறது. மூன்றாவது விதியை எடுத்துவிட்டால் இந்தத் தானே முளைக்கும் நெரிசல் காணாமல் போய்விடும். ஜப்பானில் சுகியாமாவின் குழு 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 நிஜக் கார்களை ஒரே வேகத்தில் போகச் சொல்லிப் பார்த்து 2008-இல் வெளியிட்டது. அங்கேயும் நெரிசல் தானாக முளைத்துப் பின்னோக்கி நகர்ந்தது. எல்லாவற்றையும் வீசியவர்கள் அந்தக் காரணமற்ற தயக்கத்தை மட்டும் எப்படி வீசாமல் வைத்தார்கள் என்று இன்றும் யோசிப்பேன்.

என் மருத்துவமனையில் நான் வீசியது எது என்பது கடைசியில்தான் தெரிந்தது. சூத்திரச் சோதனை தேறிவிட்டது, நேரம் முழு எண், விதைகள் தனித்தனி. ஆனாலும் கூட்டமான நேரத்தில் மாதிரி சொல்லும் காத்திருப்பு நிஜத்தைவிட எப்போதும் அதிகமாகவே இருந்தது. இரண்டு வாரம் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து நானே குறித்த எண்கள். அதில் சந்தேகம் இல்லை. வரைபடத்தை வாசலில் இருந்த மூத்த சிஸ்டரிடம் காட்டிப் புலம்பினேன். வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை.

"டாக்டர் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்ப்பாரே, கவனிச்சதில்லையா தம்பி? வெளியே பத்துப் பேர் இருந்தா உள்ளே மூணு நிமிஷம்தான். ஆள் இல்லாட்டி குடும்பக் கதை எல்லாம் கேட்பார்."

டாக்டர் பார்க்கும் நேரத்துக்கு, கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் ஒரே பரவலிலிருந்து (எத்தனை நிமிடம் எவ்வளவு அடிக்கடி வரும் என்ற கணக்கிலிருந்து) எண் எடுத்துக்கொண்டிருந்தேன். வருகை, நுழைவு, வெளியேற்றம் என்று மூன்று நேரம் குறித்தேன். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவில் டாக்டர் வெளியே பார்த்ததற்கு என் தாளில் இடமே இல்லை. மறுநாள் நான்காவதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டேன்: கதவு திறந்தபோது வெளியே எத்தனை பேர். இன்னும் இரண்டு வாரம். பார்க்கும் நேரத்தை வரிசை நீளத்தோடு கட்டியதும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. நாள் முழுக்க, கடைசியைத் தவிர. மாதிரியில் கடைசி நோயாளி வெளியேறுவது சராசரியாக 1:25-க்கு, பதிவேட்டில் 1:05.

மறுபடி சிஸ்டரிடம் போனேன். "கடைசி அரை மணியில் என்ன நடக்கிறது சிஸ்டர்? அதில் மட்டும் பொருந்தவில்லை."

"நீங்களும்தான் தினம் உட்கார்ந்திருந்தீங்களே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இல்லையே, பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிடுவீங்களே."

தாள்களைப் புரட்டினேன். நான்கு வாரத்தில் ஒரு நாள்கூட 12:30-க்குப் பிறகு ஒரு குறிப்பும் இல்லை.